இட்டூப்பின் குறுந்தோட்டி ஒழிப்பு

நாற்காலியிலிருந்து எழுந்தபோது இட்டூப்பு "கர்த்தாவே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் மனுஷனைக் கவிழ்த்தது.

புதுசாகச் சொன்ன வார்த்தையா என்றால் அதுவும் இல்லை. உட்கார ஒன்று, எழ ஒன்று, கொட்டாவி வந்தால் உபரியாக ஒன்று என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். முப்பத்து நாலு வருஷமாக ரோசிலியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அன்றைக்குக் கர்க்கடக மாசம், தமிழுக்கு ஆடி, முதல் தேதி. வெளியே மழை பிளந்துகட்டிக்கொண்டிருந்தது. ரோசிலி சமையலறை வாசலுக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன சத்தம் அது?"

"எது?"

"இப்ப எழுந்திருக்கும்போது வந்துச்சே, அது."

"ஜெபம் பண்ணினேன்டி."

"இடுப்பைப் பிடிச்சுக்கிட்டா ஜெபம் பண்ணுவாங்க? இது வாதம். கிட்டுண்ணி வைத்தியருக்கு நேத்தே சொல்லி அனுப்பிட்டேன். இப்ப வந்துடுவாரு."

"நேத்தேவா? சத்தம் இன்னிக்குத்தானே வந்துச்சு?"

"வரும்னு எனக்குத் தெரியும்."

எங்கள் திருச்சூர்ப் பக்கம் பதினோரு மாசம் உடம்பை எப்படி வேண்டுமானாலும் போட்டுப் புரட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கர்க்கடகம் வந்துவிட்டால் அதை வைத்தியர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும். எண்ணெய், கிழி ஒத்தடம், கஷாயம், கஞ்சி. இந்துவா, கிறிஸ்தவனா, முஸ்லிமா என்று எண்ணெய் பார்ப்பதில்லை. இட்டூப்பு மட்டும் ஐம்பத்தொன்பது வயசு வரை தப்பித்துவந்தார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் பின் படியில் தொங்குகிற ஆள் மாதிரி என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஒல்லூர் ரூட்டில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர் அல்லவா, உவமை அங்கேயிருந்துதான் வரும்.

கிட்டுண்ணி வைத்தியர் குடையை மடக்கி வைத்துவிட்டு வந்தார். இட்டூப்பைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் நாலு இடத்தில் அமுக்கினார். அமுக்கிய இடத்திலெல்லாம் இட்டூப்பு சிரித்தார். கூச்சம். வைத்தியர் ரோசிலியைப் பார்த்தார். ரோசிலி வைத்தியரைப் பார்த்தாள். வைத்தியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வர்ற திங்கக்கிழமை ஆரம்பிக்கலாம். பதினாலு நாள் சிகிச்சை. அப்புறம் பதினாலு நாள் நல்லிருப்பு."

"நல்லிருப்புன்னா?" என்று கேட்டார் இட்டூப்பு, தலையணைக்குள்ளிருந்து.

"சிகிச்சை எத்தனை நாளோ அத்தனை நாள் அதே பத்தியத்தோட சும்மா இருக்கணும். உப்பு, புளி, மிளகாய் கூடாது. மீன், இறைச்சி கூடவே கூடாது. பகல் தூக்கம் கூடாது. குளிர்காத்து கூடாது. சத்தம் போட்டுப் பேசக் கூடாது. கோபப்படக் கூடாது."

"எதிர்த்துப் பேசலாமா வைத்தியரே?" என்று கேட்டாள் ரோசிலி.

"அதுவும் வாயுதான் சேச்சி. வேண்டாம்."

"நல்லதாப் போச்சு" என்றாள் ரோசிலி மனசார.

"மருந்து பூரா குறுந்தோட்டி. கஷாயத்துக்கும் அதுதான், எண்ணெய் காய்ச்சவும் அதுதான். கடைச் சரக்கு உதவாது. இந்த மழையில முளைச்சதைப் பச்சையா, வேரோட பிடுங்கணும். அதுக்கென்ன, இந்தத் தோட்டத்துலயே காடா மண்டிக் கெடக்கே!"

"ஆமாமா, ஈஸ்டர்லேர்ந்து மண்டிக் கெடக்கு" என்றாள் ரோசிலி. குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் வைத்தியரே. குறுந்தோட்டியே கிடைக்கலைன்னா?"

"குறுந்தோட்டி இல்லாம வாத சிகிச்சையா? அப்புறம் அடுத்த வருஷந்தான்."

தலையணைக்குள் இட்டூப்பின் காது விடைத்துக்கொண்டது.

அவர் ஏன் அப்படிக் காதைத் தீட்டிக்கொண்டார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சர்ச் பங்கிலே யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முந்தின நாள் பந்தலில் அடுப்பு மூட்டி அண்டா ஏற்றுவார்கள். எருமைக் கறியும் நேந்திரங்காயும், பன்றிக் கறி, மாங்காய் போட்ட மீன் குழம்பு. எல்லாம் கொதித்து வரும்போது அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடுவார்கள். அதில் இட்டூப்பு உட்காருவார். தலைமைச் சமையல்காரர் கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து அவருடைய இடது உள்ளங்கையில் விடுவார். இட்டூப்பு நக்குவார். கண்ணை மூடுவார். பந்தலே மூச்சு விடாது. பிறகு "இன்னும் ஒரு பிடி" என்பார், இல்லையென்றால் "போதும்" என்பார். இதுதான் உப்பு பார்க்கிற மரியாதை.

முப்பது வருஷம் "முன்னாடி நகரு, முன்னாடி நகரு" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். ஒரு ஜீவன் நகர்ந்ததில்லை. வீட்டிலே அவர் பேச்சு எடுபட்டதா என்று கேட்காதீர்கள். இந்த உலகத்தில் அவர் சொல்லி நாலு பேர் கேட்கிற இடம் அந்த முக்காலி ஒன்றுதான். மூன்று வீடு தள்ளி இருக்கிற பௌலோஸின் மகள் லின்ஸிக்குக் கல்யாணம் குறித்திருந்தார்கள். பௌலோஸ் நேரிலே வந்து, "இட்டூப்பேட்டன் வந்து உட்கார்ந்தாத்தான் அண்டாவை இறக்குவேன்" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள், விரல்விட்டு எண்ணிப் பார்த்தால், சிகிச்சையின் பன்னிரண்டாம் நாள். உப்பே தொடக்கூடாதவன் உப்பு எப்படிப் பார்ப்பது?

முடியாது என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். ரோசிலியிடம் இட்டூப்பு முடியாது என்று இதுவரை இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும் தூக்கத்தில்.

ஆகவே அவர் வேறு வழி கண்டுபிடித்தார். குறுந்தோட்டி இருந்தால்தானே சிகிச்சை? தோட்டத்தில் ஒரு குறுந்தோட்டி இல்லாமல் பண்ணிவிட்டால்? ரோசிலி தினமும் காலைப் பூசைக்குப் போகிறவள். போய்வர ஒரு மணி நேரம். திங்கட்கிழமைக்கு முன்னால் ஐந்து காலைகள் இருக்கின்றன. தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

புதன்கிழமை ரோசிலி முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டியதும் இட்டூப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். இறங்கின பிறகுதான் ஒரு சின்னச் சிக்கல் தெரிந்தது. குறுந்தோட்டி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

முப்பது சென்ட் தோட்டம். முழங்கால் உயரத்துக்கு என்னென்னவோ பச்சையாக நின்றது. யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் ரோசிலி காதுக்குப் போய்விடும். சின்னதாய் மஞ்சள் பூ பூக்கும், வேர் லேசில் வராது என்று வைத்தியர் போகிற போக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. மஞ்சள் பூ பூத்ததையெல்லாம் பிடுங்கினார். பூக்காத குறுந்தோட்டியும் இருக்குமே என்று தோன்றியது. சரி, லேசில் வராததெல்லாம் குறுந்தோட்டி என்று வைத்துக்கொண்டார். அந்தக் கணக்குப்படி ரோசிலியும் குறுந்தோட்டிதான். கடைசியில், எது வந்தாலும் சரி, பச்சையாக இருந்தால் பிடுங்குவது என்று தீர்மானம் ஆயிற்று.

தெய்வாதீனமாக ரோசிலி முந்தின நாள்தான் மிளகாய்ச் செடியையும் செவ்வந்தியையும் தொட்டிக்கு மாற்றி ஜன்னலில் வைத்திருந்தாள். இல்லையென்றால் அதையும் சேர்த்துப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருப்பார். கிணற்றடியில் அரிவாள் வேறு தீட்டி வைத்தபடி கிடந்தது. கையுறைகூட ஒன்று கொடியில் தொங்கிற்று. கர்த்தர் நம்ம பக்கம் இருக்கிறார் என்று இட்டூப்பு சிலுவை போட்டுக்கொண்டார்.

மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சுலோசனா டீச்சர்.

"இட்டூப்பேட்டா! காலங்காத்தால என்ன தேடறீங்க?"

"மோதிரம் டீச்சர். கல்யாண மோதிரம் விழுந்துடுச்சு."

"விரல்ல இருக்கே?"

இட்டூப்பு விரலைப் பார்த்தார். இருந்தது.

"அட, கிடைச்சுடுச்சு!"

"அப்ப ஏன் இன்னும் மண்ணுல முட்டி போட்டிருக்கீங்க?"

"கிடைச்சதுக்கு நன்றி சொல்றேன் டீச்சர்."

"சொல்லுங்க, சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் அந்தக் குறுந்தோட்டியில ரெண்டு கொடுங்க. அரைச்சுத் தலைக்குத் தேய்க்கணும். எங்க தோட்டத்துலயும் நெறைய நிக்குது, எனக்குத்தான் பிடுங்க முடியலை."

இட்டூப்பு பிடுங்குவதை நிறுத்தினார். "உங்க தோட்டத்துலயுமா?"

"எங்க தோட்டத்துல, அந்தப் பக்கம் குஞ்ஞுவறீது வீட்டுல, இந்த ரோடு பூராவுந்தான். மழைக்காலமாச்சே!"

தன் தோட்டத்தை மொட்டையடித்து என்ன பிரயோஜனம்? மதிலுக்கு மேலே கையை நீட்டி ரோசிலி இரண்டு பிடி வாங்கிவிட்டால் கதை முடிந்தது. "டீச்சர், உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நாளைக்கு நானே வந்து எல்லாத்தையும் பிடுங்கித் தர்றேன்" என்றார்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரோசிலிச் சேச்சி கொடுத்து வச்சவங்க இட்டூப்பேட்டா. எங்க வீட்டு மனுஷன் இருந்தாரே, கால்ல முள்ளு குத்தினாக்கூட என்னைத்தான் குனியச் சொல்வாரு."

வியாழக்கிழமை டீச்சர் தோட்டம். அங்கேதான் செந்தட்டி இருந்தது. தொட்டால் சுணை ஏறி உடம்பெல்லாம் அரிக்குமே, அதேதான். பிடுங்கின வேகத்தில் அக்குளிலும் கழுத்திலும் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை.

"என்ன மனுஷா, பாம்பு மாதிரி நெளியறீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"முதுகு நோவுதா?"

"முதுகா? முதுகு இரும்பு மாதிரி இருக்குடி!" என்று சொல்லிவிட்டு நாற்காலிச் சாய்மானத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டார். ரோசிலி எழுந்துபோய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. குழம்பிலே உப்பு ஒரு கல் தூக்கலாக இருந்ததைக்கூட அன்றைக்கு இட்டூப்பு சொல்ல மறந்துபோனார்.

"நாளையிலேர்ந்து பூசை முடிஞ்சு நவநாள் ஜெபமும் இருக்கு. வர ரெண்டு மணி நேரம் ஆகும். பிளாஸ்க்ல கட்டன் சாயா வச்சுட்டுப் போறேன்" என்றாள் ரோசிலி.

இரண்டு மணி நேரம்! இட்டூப்பு மனசுக்குள் இன்னொரு சிலுவை போட்டார்.

வெள்ளிக்கிழமை குஞ்ஞுவறீது வீடு. சனிக்கிழமை போவதற்குள் விஷயம் தெரு பூராவும் பரவி, அந்தந்த வீட்டுக்காரி அந்தந்தக் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். "இட்டூப்பேட்டா, எங்க வீட்டுக்கு எப்ப?" "இட்டூப்பேட்டா, வாழைக்கு அடியிலயும் கொஞ்சம்!" "எங்க வீட்டு மனுஷன் கட்டில்ல உருண்டுகிட்டிருக்காரு, நீங்க பாருங்க!" ஆண்கள் இரண்டு பேர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன்யா இப்படி எங்க குடியைக் கெடுக்கிறே?" என்று பல்லைக் கடித்தார்கள். இட்டூப்பு நிற்கவில்லை. பிடுங்கினதைச் சாக்கில் கட்டி முதுகில் தூக்கிக்கொண்டுபோய் வாய்க்கால் கரையில் கொட்டினார். நாளொன்றுக்கு ஆறு சாக்கு.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இன்னொரு இடம் ஞாபகம் வந்தது. கல்லறைத் தோட்டம்! அங்கே முளைக்காத செடியா? பூசைக்கு மணி அடிப்பதற்குள் ஓடிப்போய், தன் அப்பன், பாட்டன், எதிர்வீட்டு வக்கீல், சண்டை போட்டுச் செத்துப்போன பெரியப்பன் என்று பாரபட்சம் பார்க்காமல் ஒவ்வொரு கல்லறையாகப் பிடுங்கினார். கடைசிக் கல்லறையில் மண்டியிட்டிருக்கும்போது பங்குச் சாமியார் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

அன்றைய பிரசங்கம் பூராவும் இட்டூப்பு. "செத்தவர்களை மறந்துபோன இந்தக் காலத்திலே, மழையிலே நனைந்துகொண்டு, யாரும் பார்க்காத நேரத்திலே, பிறருடைய கல்லறையைச் சுத்தம் செய்கிற ஒரு தாழ்மையுள்ள மனுஷனை நான் இன்று கண்டேன்" என்று சாமியார் தழுதழுத்தார். சர்ச்சே திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கம் ரோசிலி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பாவம், நெகிழ்ந்துபோய் அழுகிறாள் என்று இட்டூப்பு நினைத்தார். அவருக்கும் அழுகை வந்தது. ஆனால் அது இடுப்பிலிருந்து வந்தது. சர்ச்சுக்குள் வந்ததும் முட்டி போட்டவர் எழுந்திருக்கப் பிரசங்கம் முடிந்து, விசுவாசப் பிரமாணமும் முடிய வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை கிட்டுண்ணி வைத்தியர் வந்தார். இட்டூப்பு சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வைத்தியர் தோட்டத்தைச் சுற்றி வந்தார். கிரிக்கெட் மைதானம் மாதிரி இருந்தது.

"என்ன சேச்சி, ஒரு குறுந்தோட்டிகூட இல்லையே!"

"ஐயோ, அப்படியா?" என்றாள் ரோசிலி.

"டீச்சர் தோட்டத்துல?"

"அங்கேயும் இல்லை வைத்தியரே" என்றார் இட்டூப்பு பேப்பரைத் தாழ்த்தாமல். "குஞ்ஞுவறீது வீட்டுலயும் இல்லை. இந்த வருஷம் எங்கேயுமே இல்லையாம். என்ன செய்யறது? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். உங்களை வீணா நடக்க வச்சுட்டோம். இருங்க, கேட் வரைக்கும் வந்து விட்டுட்டு வர்றேன்."

என்று சொல்லி எழுந்தார். எழுந்தார் என்றால் பாதி எழுந்தார். இடுப்பில் எங்கேயோ ஒரு 'டக்' கேட்டது. அதற்கு மேலும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. ஆனால் கர்த்தரைக் கூப்பிடக்கூட மூச்சு வரவில்லை.

வைத்தியர் ஓடிவந்து முதுகில் கையை வைத்தார். இந்தத் தடவை இட்டூப்பு சிரிக்கவில்லை. ஊரைக் கூட்டினார்.

"ஐயோ சேச்சி, இது நிஜமாவே பிடிச்சுக்கிச்சு!" என்றார் வைத்தியர் பதறிப்போய். "அன்னிக்குப் பார்க்கும்போது ஒண்ணுமே இல்லையே! போகும்போது வாசல்ல உங்ககிட்டயும் சொன்னேனே, இவருக்குக் கல்லு மாதிரி உடம்பு, மருந்தே வேண்டாம்னு..."

"வைத்தியரே, காலைப் பிடிங்க, கட்டில்ல படுக்க வைப்போம்" என்றாள் ரோசிலி அவசரமாக.

இட்டூப்பு பாதி வளைந்த நிலையிலேயே தலையை மட்டும் திருப்பினார். "என்ன சொன்னீங்க? ஒண்ணுமே இல்லையா?"

"பேசாதீங்க மனுஷா, வாயு ஏறும்."

கட்டிலில் படுக்கப் போட்டார்கள். இப்படியும் திரும்ப முடியவில்லை, அப்படியும் முடியவில்லை. வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். "இதுக்குக் குறுந்தோட்டியை விட்டா வேற வழியில்லை. ஊர்ல ஒரு வேர்கூட இல்லைங்கறீங்க. எங்கே போறது?"

இட்டூப்புக்கு உயிரே போய்விட்டது. "தேடுங்கய்யா! எங்கேயாவது இருக்கும்யா! வாய்க்கால் கரையில போய்ப் பாருங்க! முப்பது சாக்கு கொட்டினேன், ஒரு வேராவது காயாம கெடக்கும்! ஏடி ரோசிலி, ஓடுடி!"

ரோசிலி ஓடவில்லை. நிதானமாகப் போய் விறகுக் கொட்டகைக் கதவைத் திறந்தாள். உள்ளே குறுந்தோட்டி, கட்டுக் கட்டாக, அலசி, வேரை ஒரு பக்கமாக வைத்து வாழை நாரில் கட்டி, உத்தரத்தில் வரிசையாகத் தொங்கிற்று. மற்ற களையெல்லாம் கழித்துப் பொறுக்கி எடுத்தது. வைத்தியர் வாயைப் பிளந்தார்.

"வாய்க்கால்ல போயிடக் கூடாதேன்னு அன்னன்னிக்கே பூசை முடிஞ்சு வரும்போது எடுத்து வந்துட்டேன். உங்களுக்கு வேணுங்கறதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை வைத்தியசாலைக்குக் கொண்டு போங்க வைத்தியரே" என்றாள்.

"ரோசிலி" என்றார் இட்டூப்பு ஈனசுரத்தில். "உனக்கு எல்லாம் தெரியுமா?"

"தோட்டம் சுத்தமானதுகூடவா எனக்குத் தெரியாது? ஈஸ்டர்லேர்ந்து தொண்டை காஞ்சு கத்தினேனே. வெயில்னீங்க, மழைன்னீங்க, பாம்புன்னீங்க. குறுந்தோட்டின்னதும்தானே இறங்கினீங்க." குரல் தாழ்ந்தது. "ஆனா சத்தியமாச் சொல்றேன் மனுஷா, நம்ம தோட்டத்தோட நிறுத்திடுவீங்கன்னுதான் நினைச்சேன். கல்லறை வரைக்கும் போவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கோபப்படலாம் என்று இட்டூப்பு நினைத்தார். பத்தியம் அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

எண்ணெய் ஊறிற்று, கிழி சுட்டது, குறுந்தோட்டிக் கஷாயம் காலையும் மாலையும் இறங்கிற்று. எல்லாம் பொறுத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள்தான் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு மத்தியானம் பௌலோஸ் கையைப் பிசைந்துகொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இட்டூப்பேட்டா, அண்டா ஏத்தியாச்சு. நீங்க இப்படிக் கெடந்தா நான் என்ன பண்ணுவேன்? சேச்சியோட அண்ணன் வாறுண்ணியைக் கேட்கலாமா?"

"வாறுண்ணியா?" இட்டூப்பு தலையைத் தூக்கினார். "அவன் பீடி குடிச்சுக் குடிச்சு நாக்கு மரத்துப்போன ஆளுய்யா! அவன் உட்கார்ந்தா கடலைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். பௌலோஸே, என்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போங்கய்யா. ஒரு சொட்டு. ஒரே சொட்டு!"

"உப்பு நாக்குல பட்டா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு வைத்தியர் சொல்லிட்டாரு" என்றாள் ரோசிலி கஞ்சியை ஆற்றிக்கொண்டே. "நான் வரட்டுமா பௌலோஸ்?"

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"நீயா? உனக்கு உப்பு பத்தி என்னடி தெரியும்?"

"முப்பத்து நாலு வருஷம், மூணு வேளை, ஒரு கல்லு கம்மி, ஒரு கல்லு தூக்கல்னு உங்க வாயால கேட்டிருக்கேன் மனுஷா. இந்த ஊர்ல உப்புக்கு என்னைவிட அதிகமாப் படிச்சவ யாரு?"

பௌலோஸுக்கு அது நியாயமாகப் பட்டது. ரோசிலி கஞ்சிக் கிண்ணத்தைக் கணவர் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, புது முண்டு உடுத்திக்கொண்டு கிளம்பிப் போனாள்.

பந்தல் மூன்று வீடு தள்ளி. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. எருமைக் கறியில் நேந்திரங்காய் வேகிற வாசனை ஜன்னல் வழியாக வந்து நேரே இட்டூப்பின் மூக்கில் உட்கார்ந்தது. கண்ணை மூடி, இந்நேரம் மல்லி இறங்கியிருக்கும், இந்நேரம் தேங்காய்ச் சில்லு விழுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தார். திடீரென்று பந்தல் நிசப்தமாயிற்று. அந்த நிசப்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய நிசப்தம். அதற்குள்ளே இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தபோது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், மனுஷன் கண்ணீர் விட்டு அழுதார். கண்ணீர் வழிந்து உதட்டில் பட்டது. பத்தியம் கெட்டுவிடுமோ என்று பயந்து உடனே துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் டீச்சர் ஜன்னலில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். "ஒரே ஒரு சொட்டு நாக்குல வச்சாங்க இட்டூப்பேட்டா. கண்ணைக்கூட மூடலை. 'கால் பிடி போடுங்க, மூடி வச்சு இறக்குங்க'ன்னாங்க. சமையல்காரர் அசந்துட்டாரு. இத்தனை வருஷத்துல இப்படிக் கச்சிதமா இருந்ததே இல்லைன்னு சாப்பிட்டவங்க எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்குப் பெருமையா இருக்குமே!"

"இருக்கு" என்றார் இட்டூப்பு சுவரைப் பார்த்துக்கொண்டு.

இருபத்தெட்டு நாள் முடிந்தது. கிட்டுண்ணி வைத்தியர் கைராசிக்காரர், அதைச் சொல்லியாக வேண்டும். இட்டூப்பு கட்டிலிலிருந்து எழுந்து நின்றபோது ஒரு சத்தமும் வரவில்லை. குனிந்தார், நிமிர்ந்தார், ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஒரு குதி குதித்துப் பார்த்தார். முப்பது வயசு குறைந்திருந்தது. வெளியே மழை விட்டு, கர்க்கடகம் கழிந்து வந்த சிங்க மாசத்து வெயில் அடித்தது. மூன்று வாரத்தில் சர்ச்சில் மாதா பிறந்தநாள் பெருநாள். ஊர் பூராவுக்கும் சாப்பாடு. நாலாயிரம் இலை, ஆறு அண்டா. லின்ஸி கல்யாணமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இட்டூப்பு மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார். குரலில் பழைய கண்டக்டர் திரும்பி வந்திருந்தார்.

"ரோசிலி, நான் சாமியாரைப் பார்க்கப் போறேன். முக்காலி எனக்குத்தான்னு இன்னிக்கே பேசி முடிச்சுட்டு வந்துடறேன். கல்யாணத்துல ஏதோ ஆபத்துக்கு நீ உட்கார்ந்தே, சரி. பெருநாள் விளையாட்டில்லை. இனிமே என்னை எந்த வைத்தியனும் தொட முடியாது. உடம்பு எப்படி இருக்கு பார்த்தியா? தேக்கு!"

"பார்க்கறேன், பார்க்கறேன். கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள் ரோசிலி.

வாசலுக்கு இழுத்துப்போய், கட்டை விரலால் அவருடைய கீழ் இமையை இழுத்து, ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு மறு கண். உச்சுக் கொட்டினாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லை. லேசா மஞ்சள் தட்டற மாதிரி இருக்கு. பயப்படாதீங்க, ஆரம்பந்தான். நீங்க பிடுங்கின இடத்துலயெல்லாம் இந்த மழைக்குக் கீழாநெல்லி மண்டியிருக்கு, அதுலயே சரியாப் போயிடும். வைத்தியருக்கு நேத்தே சொல்லி அனுப்பிட்டேன்."

இட்டூப்பு வெளியே பார்த்தார். தோட்டம் பூராவும் கணுக்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. அவர் சட்டைப் பித்தானை மெதுவாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

"கீழாநெல்லிக்கு என்னடி பத்தியம்?"

"பெருசா ஒண்ணுமில்லை மனுஷா. உப்பு மட்டுந்தான் ஆகாது."